சாதா ஃப்ரீசரில் தாங்குமா?

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

போனில் உங்கள் பெயர் வரும்போதெல்லாம் எடுக்காமல் இருக்கிறேன் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். எடுத்தால் கத்துவேன். நான் கத்துவது உங்கள் பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். ஏற்கனவே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

அண்ணனைக் கடைசியாக நான் பார்த்தது ஒரு நர்ஸ் பிடித்திருந்த போனில். வாயில் குழாய், கண் மூடியிருந்தது. "பேசுங்க, அவருக்குக் கேக்கும்" என்றார் நர்ஸ். என்ன பேசுவது? "அண்ணா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். குழாய் போட்டுப் படுத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? அதுதான் வாயில் வந்தது. அதற்குள் நர்ஸை யாரோ கூப்பிட, போன் கூரையைக் காட்டியது. பிறகு அணைந்துவிட்டது. தொற்றுக்காக வழியெல்லாம் அடைத்திருந்த நேரம். என்னால் வரவும் முடியவில்லை.

நேற்று அண்ணனோடு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் கூப்பிட்டார். அண்ணன் 'பங்காளி' என்று கூப்பிடுவானே, அவர்தான். துக்கம் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "உங்க கம்பெனி தடுப்பு மருந்து எங்க ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துச்சும்மா. வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிடுச்சு" என்றார். யார் திருப்பி அனுப்பியது என்று கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். சொல்லவும் வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

எந்தக் குளிரில் வைத்தால் எத்தனை நாள் மருந்து கெடாமல் நிற்கும் என்று பார்க்கிற பிரிவில் நான் வேலை செய்கிறேன். அந்தப் பெட்டியில் இருந்த குப்பிகளின் உடன்பிறப்புகளை நான் என் கையால் எடுத்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட மருந்து என் அண்ணன் வீட்டுக்காரி கைக்கு வந்து, அவள் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறாள். முதல் வரிசையில் ஊசி போட வேண்டிய ஆள் அவன். நோயாளிகளைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றியவன். ஒரே ஒரு குப்பியை எடுத்து வைத்திருக்கக் கூடாதா அண்ணி? சட்டம் பேசுகிற நேரமா அது?

இதற்கு மேல் எழுதினால் கொட்டிவிடும். வழி திறந்ததும், அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். அம்மாவை என்னோடு அழைத்துப் போகிறேன். அவளுடைய துணிமணிகளை எடுத்து வையுங்கள். நீங்கள் தடுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சின்னு

*

ஏப்ரல் 13

சின்னு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல கையால எழுதியிருக்காங்களே, கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். ஆமாம், கொடுத்து வைத்தவள்தான்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். கோபத்தோடு படித்தாலும் பரவாயில்லை, முழுதாகப் படி.

எங்கள் ஸ்டோரை நீ பார்த்ததில்லை. மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அறை. வெயில் படக்கூடாது என்று கண்ணாடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும். ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ் இரண்டு. மூலையில் ஒரு ஃப்ரீசர். அது மைனஸ் இருபது வரை போகும், ஆனால் போகிற வழியெல்லாம் முனகும். அதனால் அதற்கு 'முனகல் மாமா' என்று பேர் வைத்திருக்கிறோம். "மாமாவுக்கு இன்னிக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டுக்கொண்டேதான் உன் அண்ணன் உள்ளே வருவார். மைனஸ் எழுபதுக்குப் போகிற டீப் ஃப்ரீசர் எங்களிடம் கிடையாது. கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

அன்றைக்கு எங்களுக்கு வரவேண்டியது இன்னொரு கம்பெனியின் மருந்து. அது முனகல் மாமாவிடமே இருக்கும். எங்கே தப்பு நடந்ததோ, வண்டியில் வந்தது உங்கள் பெட்டி. வண்டி டிரைவர் இறக்கி வைத்துத் திறந்ததும் டிரை ஐஸ் புகை தரையெல்லாம் ஓடியது. எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். உன் அண்ணன் வண்டியை வாசலில் விட்டுவிட்டு, சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "நம்ம ஐஸ்பெட்டி அனுப்பிச்ச மருந்துடி. எனக்குத்தான் முதல்ல" என்றார்.

அந்த 'ஐஸ்பெட்டி' நீதான். சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் பாதியைத் தின்றுவிட்டு, பாதியை நாளைக்கு என்று ஃப்ரிட்ஜில் பதுக்குவாயாம். இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்.

பெரிய டாக்டர் வந்தார். டீப் ஃப்ரீசர் இல்லையென்றால் இந்த மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாளைக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. பெட்டியில் இருந்ததோ எங்கள் பட்டியலில் இருந்த ஆட்களைப்போல் பல மடங்கு பேருக்கானது. அதைப் பிரித்துக் கொடுக்கவும் அனுமதி இல்லை. "எடுத்தா முழுசா எடுக்கணும். மிச்சம் வீணாப்போனா பதில் சொல்ல வேண்டியது நாமதான். டீப் ஃப்ரீசர் இருக்கிற ஊருக்கே போகட்டும். அங்கேயும் மனுஷங்கதான் காத்திருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். உன் அண்ணன் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் நம்ம மாமா வீட்டுக்கே விருந்தாளி வருவார், அதுவரைக்கும் பொறு" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போனார்.

விருந்தாளி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வந்தபோது உன் அண்ணன் இல்லை.

வந்ததும் உன் அம்மாவுக்கு, அத்தைக்குத்தான் முதலில் போட்டோம். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசி இறங்கும்போது, "இது அவனுக்கு வந்ததா?" என்று கேட்டார். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பி நின்று அழுதார்.

ஒன்று மட்டும் நீ எனக்கு எழுத வேண்டும். இரண்டும் ஒரே ஜாதி மருந்துதான் என்கிறார்கள். ஒன்று எங்கள் ஓட்டை ஃப்ரீசரில் இருக்கும், இன்னொன்றுக்கு மட்டும் எதற்கு அத்தனை குளிர்? அத்தை தினமும் கேட்கிறார். நான் ஏதோ சொல்லி மழுப்புகிறேன். அவருக்குப் புரிகிற மாதிரி எழுது, படித்துக் காட்டுகிறேன்.

துணிமணி எடுத்து வைக்கச் சொன்னாய். உனக்கு அம்மா, உரிமை இருக்கிறது. ஆனால் எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது உனக்குத் தெரியும். வேலை முடிந்து கதவைத் திறந்தால், "யாரு?" என்று கேட்க இந்த வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். வந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்ப அத்தை என்ன பெட்டியா, சின்னு?

ஃப்ரிட்ஜில் உன் அண்ணன் பாதி தின்றுவிட்டு வைத்த சாக்லேட் இருக்கிறது. "மீதி ஐஸ்பெட்டிக்கு" என்று வைத்தது. எடுத்துப் போடவும் மனசில்லை, தின்னவும் மனசில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 22

அண்ணிக்கு,

கீழே இருப்பதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, இந்த மருந்துக்குள் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு மாதிரி. நோய்க்கிருமியின் மேல் இருக்கிற ஒரு முள்ளைச் செய்வது எப்படி என்று அதில் எழுதியிருக்கும். உடம்பு அதைப் படித்து முள்ளை மட்டும் செய்து பார்த்து, பகையாளியின் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளும். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். சீட்டு அத்தனை லேசானது. தண்ணீரிலேயே தானாக இற்றுப்போகும். நம் விரலிலும் மூச்சிலும் இருக்கிற சில சமாச்சாரங்கள் பட்டால் அந்த நிமிடமே துண்டு துண்டாகிவிடும். அதனால் அதைக் கொழுப்பால் செய்த, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

அந்தக் கொழுப்பு உருண்டையும் பத்திரமாக இருக்க வேண்டும். சாதாரணக் குளிரில் அது மெல்ல மெல்லக் கெடும், சீட்டும் இற்றுப்போகும். உறைய வைத்தால் கெடுவது மெதுவாகும். ஆனால் உறையும்போது ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து உருண்டைகளைக் குத்திவிடலாம், ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் சர்க்கரை சேர்க்கிறோம். ஆமாம், நீ காப்பியில் போடுகிற அதே வகைச் சர்க்கரை. மருந்து மிதக்கிற உப்புத் தண்ணீரும் முக்கியம். சில உப்புகள் உறையும்போது தண்ணீரைப் புளிக்க வைத்துவிடும்.

இரண்டு கம்பெனியும் சீட்டு, கொழுப்பு, சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் வைத்துத்தான் செய்கின்றன. ஆனால் எந்தக் கொழுப்பு, எந்த உப்பு, எவ்வளவு என்பது வேறு வேறு. ஒரே சாமானை வைத்து இரண்டு வீட்டில் சமைத்தால் ஒன்று சாயங்காலம் வரை நிற்கும், இன்னொன்று மத்தியானமே ஊசிப்போகும் இல்லையா, அப்படி. மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் கலவையை மைனஸ் இருபதில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள். எங்களுடையதை மைனஸ் எழுபதில் வைத்தோம். அந்தக் குளிரில் எல்லாமே அசையாமல் நின்றுவிடும், சந்தேகத்துக்கே இடமில்லை. மைனஸ் இருபதில் எங்களுடையது எப்படி இருக்கும் என்பதற்கான சோதனை பெட்டி வந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. என் அறைக்குப் பக்கத்து அறையில்தான் அந்தக் குப்பிகள் இருந்தன. குறித்த நாள் வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். காலத்தை அவசரப்படுத்த முடியாது. ஒரு மாதம் தாங்குமா என்று தெரிய ஒரு மாதம் ஆகும். முடிவை அரசாங்கம் பார்த்துச் சொல்லும் வரை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது.

அம்மாவுக்கு இது போதும். இனி உங்களுக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றான் என்ற இடத்துக்கு மேல் அன்றைக்குப் போக முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது புரிகிறது. ஆனாலும் ஒன்று ஆறவில்லை அண்ணி. பெரிய டாக்டரைக் கேட்டீர்கள், தாளைப் பார்த்தீர்கள், கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையையே பார்க்கிற ஒருத்தி உங்கள் வீட்டில் இருக்கிறேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எங்கள் ஆட்களிடம் சொல்லி, சின்னப் பெட்டியாகப் பிரித்துத் தர வழி உண்டா என்றாவது பார்த்திருப்பேனே. அவ்வளவு அந்நியமாகிவிட்டேனா?

அம்மா விஷயத்தில் மாற்றம் இல்லை. பயணச் சீட்டு எடுத்துவிட்டேன்.

சின்னு

*

மே 9

சின்னு,

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று இருந்தேன். நீதான் எழுத வைத்தாய்.

அம்மாவுக்கான பகுதியைப் படித்துக் காட்டினேன். சர்க்கரை என்ற இடத்தில் சிரித்தார். உன் அண்ணன் போனதற்குப் பிறகு அத்தை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "சின்னவ நல்லாச் சொல்றா" என்றார். மிச்சத்தைப் படித்துக் காட்டவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்கள் மருந்தை இனிமேல் சாதா ஃப்ரீசரிலும் இரண்டு வாரம் வரை வைக்கலாமாம். சோதனையில் தெரிந்துவிட்டதாம். பெரிய டாக்டர் அதை என் கையில் கொடுத்து, "மாட்டி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மாட்டி வைத்தேன். முனகல் மாமாவின் தலைக்கு மேலேயே.

கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். அதே ஃப்ரீசர். அதே மருந்து. அன்றைக்கு நீங்கள் செய்த கலவையை இன்றைக்கு மாற்றினீர்களா? இல்லையே. மருந்துக்கு அன்றைக்கே இந்தத் தெம்பு இருந்திருக்கிறது. இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டுப் பெட்டியைக் காலி பண்ணியிருப்பேன். ஒரு சொட்டு வீணாகியிருக்காது. முதல் ஊசியைச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்ற மனுஷனுக்குப் போட்டிருப்பேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று எழுதியிருக்கிறாய்.

கேட்டேன், சின்னு.

ஸ்டோர் வாசலில் நின்றுதான் உனக்குப் போன் போட்டேன். வண்டி டிரைவர் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். "சின்னு, உங்க மருந்தைச் சாதா ஃப்ரீசர்ல வெச்சா தாங்குமா?" என்று கேட்டேன். பெட்டி வந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "தாங்காது அண்ணி. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ கூப்பிடவில்லை.

போனை வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்தேன். உன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். உன் குரல் கேட்டதும் முகமெல்லாம் பல். பெரிய டாக்டரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்று நான் கிளம்பியபோது அவர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "என் தங்கச்சியே தாங்காதுன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல யாரைக் கேப்பே? விடு" என்றார். எத்தனை பெருமையோடு சொன்னார் தெரியுமா? அந்தப் பெருமையோடுதான் சட்டைக் கையை இறக்கி விட்டார்.

இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. பங்காளியிடம் சொல்லவில்லை. உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதுகூடச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, பெண் அங்கே ஒண்டியாக இருக்கிறாள், பழியை என் மேலேயே போட்டுக்கொண்டு போகட்டும், எனக்கு அத்தையாவது பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நீ அந்த அத்தையையும் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறாய்.

தாங்காது என்று உனக்கு அன்றைக்குத் தெரியுமா? நீயே எழுதியிருக்கிறாய், சோதனை நடந்துகொண்டிருந்தது என்று. பக்கத்து அறையில் குப்பிகள் இருந்தன என்று. அப்படியென்றால் "தெரியாது" என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? ஏன் தாங்காது என்றாய்?

வா. வந்து கூட்டிக்கொண்டு போ. உன் அம்மா.

அண்ணி

*

மே 13

அண்ணி,

எனக்கு நினைவே இல்லை. நீங்கள் போன் செய்தது, நான் சொன்னது, எதுவும். அண்ணன் நன்றாக இருந்தபோது அவன் காதில் விழுந்த என் கடைசி வார்த்தை அது, அது எனக்கு நினைவில்லை.

எங்கள் வேலையில் தாங்காது என்பது வேறு, தெரியாது என்பது வேறு. வைத்துப் பார்த்து, கெட்டுப்போனதைக் கண்ணால் கண்ட பிறகுதான் தாங்காது என்று எழுதுவோம். அதுவரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டையும் குழப்பினால் நான்தான் திட்டுவேன். காகிதத்தில் ஒரு நாளும் குழப்பியதில்லை.

வாயில் குழப்பியிருக்கிறேன். அந்த மாதங்களில் எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கூடப் படித்தவர்கள், வீட்டுக்காரம்மா, முன்பின் தெரியாத டாக்டர்கள். தெரியாது என்றால், அப்போ வைத்துப் பார்க்கலாமே என்று நாலு பேர் துணிந்துவிடுவார்கள். கெட்ட மருந்தைப் போட்டுக்கொண்டு, நமக்குப் பாதுகாப்பு வந்தாச்சு என்று கூட்டத்தில் போய் நிற்பார்கள். அந்தப் பயத்தில் எல்லாருக்கும் தாங்காது, தாங்காது என்றே சொன்னேன். சொல்லிச் சொல்லி, யார் கேட்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் போய்விட்டது. கேட்டது நீங்கள் என்றுகூட.

அந்தச் சோதனையில் கடைசிக் குப்பியை எடுத்துப் பார்த்தது நான்தான். நன்றாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனுக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உங்களைக் குற்றம் சொல்லிக் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான்.

நான் வரவில்லை. பயணச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா உங்களோடு இருப்பதுதான் சரி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பேன்? அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அல்லது சொல்லாமல் விடுங்கள். உங்கள் இஷ்டம்.

அந்தச் சாக்லேட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சின்னு

*

மே 24

அன்புள்ள சின்னு,

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். ஆத்திரத்தில் கொட்டிவிட்டேனே, அங்கே பிள்ளை என்ன பாடுபடுமோ என்று. அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் புடவை முந்தானையை எடுத்து என் கையில் கொடுத்தார், துடைத்துக்கொள் என்று.

உன் கடிதம் வந்த பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் இஷ்டம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, சொல்வதுதான் என் இஷ்டம். இந்த வீட்டில் இனி ஒருத்தர் ஒன்றை மறைத்து, இன்னொருத்தர் அதைச் சுமந்து, அதெல்லாம் போதும்.

அதற்கு முன்னால் உனக்கு ஒரு பதில் எழுத வேண்டும். இந்தச் சில நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும் இதே யோசனைதான். ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக்கூடக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, ஜன்னலை விட்டுப் போவதற்குள் கூப்பிட்டு வாங்கிவிட்டேன்.

அன்றைக்கு நீ "தெரியாது அண்ணி" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

"அப்போதும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன், நீ வருத்தப்படாதே" என்று எழுத ஆரம்பித்தேன். உன்னைத் தேற்ற அதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. பாதி எழுதிவிட்டு அடித்துவிட்டேன். திருப்பி அனுப்பியிருப்பேனா? உன் அண்ணன் பேச்சைக் கேட்காமல் பெரிய டாக்டரிடம் ஓடியிருப்பேனா? ஓடியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா? ஒத்துக்கொண்டு ஊசி போட்டிருந்தால், ஒரே ஊசி, அதுவும் போட்டுச் சில நாளில் நோய் வந்திருந்தால், உன் அண்ணனைக் காப்பாற்றியிருக்குமா?

எனக்குத் தெரியாது, சின்னு. உனக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடு. உன் பிரிவில் விடுவாயே, அப்படி. "என்னால்தான் போனான்" என்று நீயாக எதையும் அதில் எழுதி வைத்துக்கொள்ளாதே. நானும் எழுத மாட்டேன். எழுதி வைத்திருந்தேன், உன் பெயரையும் என் பெயரையும் மாற்றி மாற்றி. அடித்துவிட்டேன்.

அத்தையிடம் சொன்னதைச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். போன் போட்டது, நீ சொன்னது, அவர் என் கையைப் பிடித்து நிறுத்தியது, நீ பயணச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அந்தச் சாக்லேட்டை எடுத்துப் பார்த்தார். ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எனக்குப் பயமாகிவிட்டது. உன்னைத் திட்டப் போகிறாரோ என்று, "அவ வேணும்னு சொல்லலை அத்தை" என்றேன்.

"வேணும்னு சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? நான் பெத்தவ" என்றார். பிறகு கேட்டார், "அங்க ஒண்டியா உக்காந்துக்கிட்டு இருக்காளே, இதெல்லாம் அவ தாங்குவாளா?"

தாங்குவாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லிவிடுவது சுலபம்.

"தெரியாது அத்தை" என்றேன்.



"தெரியலைன்னா எதுக்கு அங்கேயே விட்டு வெச்சிருக்கே? இங்க வரச் சொல்லு" என்றார்.

அண்ணி